ஓமோ, இல்லையோ

மகனே,

"அந்த வீட்டுப் பக்கம் காலெடுத்து வைச்சியளெண்டால் எனக்கு அம்மா எண்டு ஒருத்தர் இல்லை" என்று பாரிஸிலிருந்து கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்தாயே, அப்போது உனக்குச் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அதைச் சொல்வதற்கு முன்பே நான் அந்த வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன், நீ விடவில்லை. உனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு விடவும் இடம் கிடைக்காது. அது உன் அப்பாவின் குணம். அவர் கடலில் காட்டியதை நீ வீட்டுக்குள் காட்டுகிறாய். அதற்குப் பிறகு நான் எடுத்த அழைப்பு ஒன்றுக்கும் நீ பதில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீ பார்த்துவிட்டாய் என்று மட்டும் அது காட்டுகிறது. ஆகவே கடுதாசியில் எழுதுகிறேன். கடுதாசியை இடையில் மறித்துப் பேச உன்னால் முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் வாசிப்பாய் என்று நினைக்கிறேன், அதுவும் நிச்சயமில்லை.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்லப்போகிறேன், எரிச்சல்படாதே. உன் மகன் என்றைக்காவது தமிழ் வாசிக்கப் பழகி இதைக் கையில் எடுத்தால் அவனுக்கும் விளங்க வேண்டும். அவனுக்கு அண்ணையின் பெயரை வைத்திருக்கிறாய். சீலன் என்று கூப்பிடுகிறாய். அந்தப் பெயரோடு வேறு என்ன வருகிறது என்று அந்தப் பிள்ளைக்கு ஒருநாள் தெரியத்தான் போகிறது. உன் வாயால் தெரிவதற்கு முன் என் கையெழுத்தில் தெரியட்டும்.

அப்போது உன் அண்ணைக்குப் பத்தொன்பது வயது, உனக்கு ஒன்பது. விடிந்தும் விடியாததுமாக ஒழுங்கைகளை மறித்துவிட்டார்கள். குருநகரின் ஆண்கள் எல்லாரையும் மதில் சூழ்ந்த கோயில் வளவுக்குள் வரச்சொன்னார்கள். வந்தவர்கள் என்ன சீருடை என்று நான் எழுதப்போவதில்லை. இந்த ஊருக்குச் சீருடையோடு வந்தவர்கள் எல்லாருமே ஆளுக்கொரு தலையாட்டியை வைத்திருந்தார்கள். உன் மகனுக்கு அந்தச் சொல் விளங்காது. எங்கள் ஆட்களில் ஒருவனைப் பிடித்து, அடித்து, தலையில் ஒரு சாக்கை மாட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, கதிரையில் இருத்துவார்கள். ஒவ்வோர் ஆணும் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடினால் அந்த ஆளை ஒதுக்கி வாகனத்தில் ஏற்றுவார்கள். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நீயும் நானும் மதிலோடு நின்றோம். உன் கை என் சேலையைப் பிடித்திருந்தது. சீலன் போய் நின்றான். சாக்கு ஆடியது. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு உனக்கு அண்ணை இல்லை, எனக்கு மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறையும் இல்லை.

அந்தச் சாக்கு ஆடிய விதம் எனக்குத் தெரிந்த விதம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள். அடுத்த ஒழுங்கைத் தாசன் என்னிடம்தான் செபம் படித்தான், சீலனோடு ஒரே வாங்கில் இருந்து. அவனிடம் ஒரு பழக்கம். என்ன கேட்டாலும் வாய் திறக்கமாட்டான். தலையை ஒரு பக்கம் சரித்து மெதுவாக ஒரு வட்டம் போடுவான். எங்கள் சனம் ஓம் என்பதற்கும் தலையைச் சரிக்கும், இல்லை என்பதற்கும் தலையை ஆட்டும். இவனுடையது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. "விசுவாசப் பிரமாணம் பாடமோ?" என்று கேட்பேன். தலை சுற்றும். "ஓமோ, இல்லையோ? வாயைத் திறந்து சொல்லன்ரா!" என்று அடிமட்டத்தால் ஒன்று போடுவேன். வகுப்பே சிரிக்கும். சீலன் வீட்டுக்கு வந்து அதை நடித்துக்காட்டுவான். நீ நிலத்தில் உருண்டு உருண்டு சிரிப்பாய். உனக்கு அது மறந்திருக்கும்.

தாசனை அதற்கு முந்தின கிழமைதான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய தாய் கோயில் வாசலில் கிடந்து அழுதாள். அவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று வட்டாரத்துப் பெண்களைக் கூட்டிச் செபமாலை சொன்னவள் நான்தான். ஆண்டவர் அந்தச் செபத்தைக் கேட்டார். அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார். சாக்கோடு கொண்டுவந்தார். ஆண்டவரோடு நான் அன்றிலிருந்து கொஞ்சம் கவனமாகத்தான் கதைக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், "உது தாசன்ரை தலை" என்று சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய். அந்தப் பெயர் அப்படித்தான் உன் காதில் விழுந்தது. வேறு யாரும் உனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட இன்னொன்று இருக்கிறது. சாக்கு முதல்தரம் ஆடியபோது பக்கத்தில் நின்ற சீருடைக்காரனுக்கு அது விளங்கவில்லை. குனிந்து என்னவோ கேட்டான். சாக்கு மறுபடியும் அதே மாதிரி ஒரு பக்கம் சரிந்து ஒரு வட்டம் போட்டது. சீருடைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு சீலனின் சட்டையைப் பிடித்து ஒதுக்கினான். அந்தத் தோள் குலுக்கலை நீ கண்டாயோ தெரியாது. நான் கண்டேன். கண்டதை உள்ளே வைத்துப் பூட்டினேன். ஏனென்றால் மகனைப் பறிகொடுத்தவளுக்கு ஓர் ஆள் வேண்டும். தோளைக் குலுக்கியவன் முகமில்லாதவன், அவனை எங்கே தேடி வெறுப்பது? தாசனுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, ஒழுங்கை இருந்தது.

அவன் ஊரை விட்டு ஓடியதும், சண்டை முடிந்து பல வருடம் கழித்து மன்னார்ப் பக்கத்துப் பெண்ணோடு திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நீயும் பிரான்சுக்குப் போய்விட்டாய். அவன் எங்கள் ஒழுங்கை முனையில் கருவாடு காயப்போட்டான். நானும் காயப்போட்டேன். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே வெயிலைத்தான் ஆண்டவர் தருகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அது பெரிய இரக்கம் என்றும் விளக்கியிருக்கிறேன். அவனுடைய கருவாடும் என்னுடைய கருவாடும் ஒரே வெயிலில் காய்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அது இரக்கமாகத் தெரியவில்லை. கவனக்குறைவாகத் தெரிந்தது. பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்புகிற நேரம் அவன் எப்போதும் வாசல் பக்கம் திரும்பி நிற்பான். நானும் அவன் நின்ற திசையை விட்டு மற்ற எல்லாத் திசைக்கும் கைகூப்புவேன். இப்படியே எத்தனையோ ஞாயிறு.

ஒன்று சொல்கிறேன், கேள். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்துச் செபத்தில் பாவங்களைப் "பொறுத்தல்" என்றுதான் இருந்தது. பிறகு அதை "மன்னித்தல்" என்று மாற்றினார்கள். எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கும். பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் பொறுத்தல். "பொறு, வாறன்" என்று ஒருவரைக் காக்கவைப்பதும் அதே சொல். மன்னிப்பு என்றால் கையைக் கழுவியது போல ஏதோ முடிந்துபோக வேண்டும். எனக்கு எதுவும் முடியவில்லை. பொறுத்தல் என்றால் முடிய வேண்டியதில்லை. பாரம் அப்படியே இருக்கும், நாங்கள் அதற்குக் கீழே நிற்போம். என்னிடம் இருந்த கிறிஸ்தவம் அவ்வளவுதான். அதையும் பெரிதாக எண்ணி ஏமாறாதே.

இந்த வருடம் மாரி முடிகிற நேரம் தாசனின் மனைவி பிலோமினா வந்து படலையில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, அவருக்குத் தொண்டையிலை புற்றுநோய். இனி ஏலாதெண்டு ஆஸ்பத்திரியிலையிருந்து வீட்டை அனுப்பிட்டினம்," என்றாள். "பாதர் வந்து கடைசி எண்ணெய் பூசிட்டுப் போட்டார். செபம் சொல்ல ஒருத்தரும் வராயினம். நீங்கள் வந்தால் சனம் வரும்."

"நான் ஏன் வரமாட்டன் எண்டு உனக்குத் தெரியாதோ? நான் ஆரெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும், அக்கா. அதாலைதான் உங்களிட்டை வந்தனான்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டித்தனமான பதில் என்று பட்டது. படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் உயிர் போகிற நேரத்துச் செபத்தை முன்னுக்கு நின்று சொல்கிறவள் நான். உனக்குத் தெரியும், எத்தனையோ பேரின் காதுக்குள் சேசு மரி சூசை சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த வேலைக்கு என்னை யாரும் நியமிக்கவில்லை. சீலன் போன பிறகு நானாகப் பிடித்துக்கொண்ட வேலை அது. என் பிள்ளையின் காதுக்குள் யாரும் சொல்லவில்லை என்பதற்காகப் பிடித்துக்கொண்டது. ஆள் பார்த்துத்தான் சொல்வேன் என்றால் அந்த வேலைக்கே அர்த்தமில்லாமல் போகும்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் போனேன். இரக்கத்தினால் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை. செத்துப்போவதற்கு முன் அவனிடம் கேட்க வேண்டும் என்று போனேன். செபப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விசாரணைக்குப் போகிறவர்கள் போகிற மாதிரித்தான் போனேன்.

அவன் கட்டிலில் ஒரு பழைய துணி போலக் கிடந்தான். குரல் போய் மாதக்கணக்காகிவிட்டது. கண் மட்டும் நல்லாக இருந்தது. பிலோமினா எனக்குக் கதிரை போட்டுவிட்டுக் கால்மாட்டில் நின்றாள்.

"தாசன், என்னைத் தெரியுதோ?"

கண்ணை மூடித் திறந்தான்.

"சீலனை நீயோ காட்டினனீ?"

முப்பது வருடமாக வைத்திருந்த கேள்வி, இவ்வளவு சின்னதாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு தலையணையில் தலை ஒரு பக்கம் சரிந்து, மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

"ஓமோ, இல்லையோ? வாயைத் திறந்து சொல்லன்ரா!" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாய் திறந்து சொல்ல முடியாதவனிடம். நான் இரண்டாம் தரமும் கேட்டேன். இரண்டாம் தரமும் அதே வட்டம். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது பாவத்துக்கு மனஸ்தாபமோ, உடம்பு நோவோ, அதுவும் எனக்குத் தெரியாது. நான் பிலோமினாவின் பக்கம் திரும்பினேன்.

"என்னடி சொல்லுறான்?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கும் விளங்கிறேல்லை, அக்கா. கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டாலும் உப்பிடித்தான்."

சிரிப்பு வந்தது, மகனே. சாகிற மனிதனின் கட்டிலடியில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் நிறுத்தியிருக்கமாட்டேன். சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ சொல். ஓம் என்று அவன் சொல்லியிருந்தால் வெறுத்திருக்கலாம், அல்லது மன்னித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால், ஒரு பாவமும் அறியாதவனையா இத்தனை காலம் வெறுத்தேன் என்று நான்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மன்னிப்பதற்கு ஒரு குற்றமாவது உறுதியாக வேண்டாமா? எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த வளவில் அன்றைக்கு அவன் "இல்லை" என்றுதான் தலையை ஆட்டினானோ, அந்தச் சீருடைக்காரனுக்கு விளங்காமல்தான் என் பிள்ளை போனானோ, யாருக்குத் தெரியும்? அடிமட்டத்தால் அடித்தும் அவனுக்கு ஓம் என்று வாய் திறந்து சொல்லப் பழக்கிவிட என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

புத்தகத்தைத் திறந்து செபத்தைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், ஒரு வரியும் விடவில்லை. அவன் கையைப் பிடிக்கவில்லை. அன்பு வரவில்லை. குரலை மட்டும் கொடுத்தேன். முடித்துவிட்டுக் காதுக்குக் கிட்டக் குனிந்து சேசு மரி சூசை சொன்னேன். மூன்று பெயரைச் சொல்ல எனக்கு இவ்வளவு கஷ்டமாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் நீ அழைப்பு எடுத்தாய். யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், பிலோமினா என்னைத் தேடி வந்தாள் என்று. நீ சொன்னதைச் சொல்லிவிட்டு வைத்தாய். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். போனது போனதுதான், இனிப் போகாமல் விட்டால் இவனுக்குத் தெரியவே வராது என்று யோசித்தேன். உண்மையில் அப்படித்தான் இருந்துவிட நினைத்தேன். உனக்காக.

தாசன் அந்தக் கிழமையே செத்துப்போனான். செத்த வீட்டில் எட்டு நாளும் செபமாலை சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முதல் நாள் நான் போகவில்லை. என் வீட்டு மதிலுக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். பிலோமினா தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அருள் நிறைந்த மரியே என்கிற பாதியை ஒருவர் சொன்னால், மற்றப் பாதியைக் கூட்டம் சொல்ல வேண்டும். அங்கே கூட்டம் இல்லை. அவளே முதல் பாதியைச் சொல்லி, அவளே மற்றப் பாதியையும் சொன்னாள். மூச்சு வாங்க நின்று நின்று சொன்னாள். அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் இருந்த சத்தமின்மையை என்னால் தாங்க முடியவில்லை. அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்டு ஒரு குழந்தை அழுதால் எழும்பிப் போகிற மாதிரித்தான்.

இரண்டாம் நாள் போனேன். எல்லாரும் பார்க்க, நடு ஒழுங்கையால் போனேன். நீ சொன்னது என் காதுக்குள் இருக்க இருக்கத்தான் போனேன். அதை நான் ஒளிக்கவில்லை. சனம் வரும் என்று பிலோமினா நம்பினாள். வரவில்லை. எட்டாம் நாள் வரைக்கும் அவளும் நானும்தான். இப்போது என் வீட்டுக்கும் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. போன கிழமை இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மரணம். செபம் சொல்ல வேறு ஓர் ஆளைக் கூப்பிட்டார்கள். "உங்களுக்கு வயசு போட்டுது, ஏன் கரைச்சல் எண்டு விட்டனாங்கள்," என்றார்கள். அவர்களிடம் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்களுடைய பிள்ளைகளும் அந்த வளவுக்குள் போனவர்கள்தான்.

பகைவருக்கு இரங்கினால் மனதிலிருந்து பெரிய பாரம் இறங்குமாம். எங்கள் புதுப் பாதர் பிரசங்கத்தில் சொல்கிறார். நல்ல பிள்ளை, முகத்தில் இன்னும் தாடி ஒழுங்காக முளைக்கவில்லை. எனக்கு ஒன்றும் இறங்கவில்லை என்று அவரிடம் சொல்லலாம், ஆனால் அவருக்குக் கவலையாகப் போய்விடும். சீலன் எங்கே என்று எனக்கு இன்னும் தெரியாது. அவனைக் காட்டியது யார் என்று முன்பு தெரியும் என்று நினைத்திருந்தேன், இப்போது அதுவும் தெரியாது. தாசனுக்கு இரங்கி நான் அடைந்த இலாபம் இது. ஊரும் போய், நீயும் போய்விட்டாய். ஆண்டவர் பகைவரை நேசி என்று சொன்னபோது, அப்படிச் செய்தால் சொந்தப் பிள்ளைக்கே பகையாகிப் போவாய் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேனோ என்று என்னையே கேட்டுப்பார்த்தேன். போயிருப்பேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ செய்தது பிழை என்று நான் சொல்லவில்லை. நீ ஒன்பது வயதில் மதிலோடு நின்று கண்டது உனக்கு ஓம் தான். அதை நான் உன்னிடமிருந்து பிடுங்கமாட்டேன். பிடுங்கினால் அந்த இடத்தில் வைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். உன் மகனிடம் அண்ணையைப் பற்றிச் சொல். அவன் நீந்தினதை, சிரித்ததை, பாணுக்குச் சீனி தொட்டுத் தின்றதைச் சொல். தாசனின் பெயரைச் சொல்லாதே. ஒரு பிள்ளையின் காதில் ஒரு பெயரைப் போட்டால் அது எவ்வளவு காலம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். இதையும் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன்.

தாசனை நேசி என்று உனக்கு எழுதுவதற்காக நான் இவ்வளவும் எழுதவில்லை. அவன் மண்ணுக்குள் போய்விட்டான், இனி அவனை யார் நேசித்தால் என்ன, வெறுத்தால் என்ன. ஆனால் உன் பகை அவனோடு போகவில்லை. அது என்னிடம் வந்துவிட்டது. இன்றைக்கு இந்த உலகத்தில் உயிரோடு இருக்கிற உன் பகையாளி நான் ஒருத்திதான். அந்தப் பகையாளிக்குத்தான் இரங்கச் சொல்லிக் கேட்கிறேன். தாசனிடம் வாய் திறந்து கதைக்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது. நீ நான் பெற்ற பிள்ளை, உனக்கும் அவ்வளவு காலம் பிடிக்கும். என்னிடம் அவ்வளவு காலம் இல்லை, மோனை.

அம்மா